தம்பியைப் போராட்டத்தில் பிடித்துப்போன பிறகு நாங்கள் சும்மா இருந்த ஆறு நாள்

என் தம்பி ஜாமீனில் வெளியே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. அதனால் எந்த ஊர், எந்தப் போராட்டம், எந்த ஸ்டேஷன் என்று எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. பிறகு வக்கீல் மூலம் அறிமுகமான மற்றக் குடும்பங்கள், வேறு வேறு நாடுகளில் இருப்பவர்கள்கூட, ஏறக்குறைய இதே வரிசையில்தான் நடந்ததைச் சொன்னார்கள். முதலில் "இங்க இல்ல". அப்புறம் "சத்தம் போடாதீங்க, நாளைக்கு விட்டுடுவோம்". அப்புறம் பணம் கேட்டு ஒரு ஆள். அப்புறம் நடுராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம். இந்த வரிசை எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் சில தவறுகளையாவது செய்திருக்க மாட்டேன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் தம்பியின் கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான். "அக்கா, வண்டியில ஏத்திட்டாங்க, அவன் போனும் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். தம்பிக்கு இருபத்திரண்டு வயது, கல்லூரியில் கடைசி வருடம். கையில் அட்டை பிடித்து நின்றிருக்கிறான், அவ்வளவுதான். நானும் அப்பாவும் அன்று இரவே மூன்று ஸ்டேஷன் ஏறி இறங்கினோம். மூன்றிலும் அந்தப் பெயரில் யாரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். மறுநாள் காலை நான்காவது ஸ்டேஷனில், மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பெயரை எழுதிக்கூடப் பார்க்காமல் இல்லை என்றார். நாங்கள் வெளியே வந்ததும் அவரே பின்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட அக்கறையோடு சொன்னார்: "வக்கீல், பத்திரிகைன்னு போயிடாதீங்க. பையனோட படிப்பு கெட்டுடும். சும்மா இருங்க, ரெண்டு நாள்ல தானா வந்துடுவான்."

அந்த அக்கறையை நான் நம்பினேன். அவர் பேசியதிலேயே தம்பி எங்கே இருக்கிறான் என்பது அவருக்குத் தெரிகிறது என்று புரிந்திருக்க வேண்டும். எனக்கு அது உறைக்கவில்லை, மனம் ஏதாவது ஒரு நல்ல வார்த்தைக்காகத் தவித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். சொந்தக்காரர்கள் கேட்டபோது அவன் நண்பன் வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்று பொய் சொன்னோம். ஆபீஸில் காய்ச்சல் என்றேன். அவனுக்கு எது மிகவும் தேவையோ, நாலு பேருக்குத் தெரிவது, அதை நாங்களே அடைத்துவிட்டோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. கைதானவர் தன் குடும்பத்துக்குத் தகவல் சொல்லலாம், வேறு இடத்துக்கு மாற்றினால் அதையும் சொல்லலாம் என்பது ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1988-இல் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளிலேயே இருக்கிறது. கைதானவரை நீதிபதி முன் கொண்டுவர 24 மணி நேரம்தான் என்று பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2014-இல் கொடுத்த விளக்கத்தில், வழக்கமாக 48 மணி நேரமே போதும், அதைத் தாண்டுவதற்கு மிகவும் அசாதாரணமான காரணம் வேண்டும் என்று இருக்கிறது. அதாவது, அந்த அதிகாரி எங்களைக் காத்திருக்கச் சொன்ன "ரெண்டு நாள்" என்பது, நாங்கள் காத்திருக்கவே கூடாத இரண்டு நாள். உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் அன்று இரவே ஒரு வக்கீலைப் பிடியுங்கள். ஆள் தெரியாவிட்டால் மனித உரிமை அமைப்பு எதையாவது கூப்பிடுங்கள், போராட்டக்காரர்களுக்காக இலவசமாக வரும் வக்கீல்கள் அவர்கள் வழியாகக் கிடைப்பார்கள். அன்று இரவே காவல்துறை மேலதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் மனித உரிமை ஆணையம் இருந்தால் அதற்கும் ஈமெயில் போடுங்கள். பதில் வராது. பரவாயில்லை. இந்த நேரத்தில் இவனைக் காணோம் என்று நாங்கள் கேட்டோம் என்பதற்கு அதில் தேதியும் மணியும் இருக்கும். பிறகு எல்லாம் அதில்தான் நிற்கும்.

மூன்றாம் நாள் காலை மனம் கேட்காமல் நான் மட்டும் அந்த நான்காவது ஸ்டேஷனுக்குப் போனேன். தம்பிக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் வீட்டிலேயே இருந்தது. அதையும் அவனுடைய நீலச் சட்டை ஒன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போனேன். மேசையில் வேறு ஒருவர் இருந்தார், "இங்க இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது" என்று கத்தினார். நானும் கத்தினேன். "மூச்சு நின்னு போச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டேன். அங்கே ஓரமாக நின்ற ஓர் இளம் காவலர் ஒன்றுமே பேசாமல் என் கையிலிருந்த பையை வாங்கி, உள்ளே பார்த்துவிட்டு, பின்பக்கம் போய்விட்டார். மேசைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்ததும் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன்: "இல்லேன்னுதான் சொல்றாங்க. ஆனா நீலச் சட்டையையும் இன்ஹேலரையும் வாங்கிக்கிட்டாங்க." நேரம் 11:17. அந்த மெசேஜ் என்ன ஆகப்போகிறது என்று அப்போது தெரியாது.

அன்று மதியமே அந்த ஆள் வந்தார். அப்பாவின் நண்பருக்குத் தெரிந்தவராம், உள்ளே "பேசி" முடித்துவிடுவாராம். அப்பா என்னிடம் சொல்லாமலே கொடுத்துவிட்டார். என் சம்பளக் கணக்கில் சொன்னால் இரண்டரை மாதச் சம்பளம். அதற்குப் பிறகு அந்த எண் எடுக்கவே இல்லை. அப்பாவை நான் திட்டியதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. காணாமல் போன பிள்ளைக்காக ஒரு தகப்பன் கொடுக்காமல் என்ன செய்வார்? இந்த இடைத்தரகர்களுக்குப் பிடிபட்டவர்களின் வீட்டு முகவரி எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். நான் பேசிய குடும்பங்களில் பாதிக்கு மேல் இப்படி ஒருவரிடம் பணத்தை விட்டிருக்கிறது. கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று தோன்றினால், முதலில் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த ஆளின் எண்ணையும் பேச்சையும் பதிவு செய்து வையுங்கள்.

நான்காம் நாள் இரவு ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். ஏழு பேர், இரண்டு பேர்தான் சீருடையில். சோதனை உத்தரவு எதுவும் காட்டவில்லை. தம்பியின் லேப்டாப், என் பழைய போன், அவனுடைய கல்லூரி நோட்டுகள், எல்லாவற்றையும் அள்ளினார்கள். பிறகு "அப்பாவை ஒரு கையெழுத்துக்காகக் கூட்டிட்டுப் போறோம்" என்றார்கள். அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது, சர்க்கரை இருக்கிறது. ஸ்டேஷன் பெஞ்சில் விடியும் வரை, விடிந்து மறுநாள் மதியம் வரை உட்கார வைத்திருந்தார்கள். யாரும் அடிக்கவில்லை. "பொண்ணு தனியா வேலைக்குப் போறா போல" என்று மட்டும் ஒருவர் இரண்டு மூன்று முறை சொன்னாராம். கடைசியில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள். காகிதத்தின் மேல் பாதியில் ஏதோ எழுதியிருந்தது, கீழ்ப் பாதி வெற்று. அப்பா படிக்கவில்லை. கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

வெற்றுக் காகிதத்தில் கையெழுத்து போடாதீர்கள் என்று எழுதுவது சுலபம். அந்த நேரத்தில் போடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். வக்கீல் பிறகு ஒரு வழி சொன்னார், அதை அப்படியே தருகிறேன். போட்டே ஆக வேண்டிய நிலை என்றால், எழுத்து முடியும் இடத்துக்கு ஒட்டினாற்போல் போடுங்கள். கீழே இருக்கும் வெற்றிடத்தில் ஒரு கோடு இழுங்கள். பக்கத்தில் தேதியும் மணியும் எழுதுங்கள். முடியவே இல்லையென்றால், வெளியே வந்த அன்றே, இப்படி வாங்கினார்கள் என்று மேலதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் எழுதி அனுப்பிவிடுங்கள். வீட்டில் எதை எடுத்துப்போனாலும் பட்டியல் போட்டு நகல் கேளுங்கள். கொடுக்கவில்லையென்றால் அவர்கள் போனதும் நீங்களே பட்டியல் எழுதி, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் செய்யவில்லை. லேப்டாப்பை அவர்கள் எடுத்ததற்கே இன்றுவரை ஆதாரம் இல்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து, நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி போன். ஓடினோம். தம்பி நடந்து வந்த விதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குதிகாலைத் தரையில் வைக்கவே இல்லை. நுனிக்காலால், கொதிக்கும் தரையில் நடப்பது போல வந்தான். மணிக்கட்டு இரண்டிலும் வளையல் போட்டது போல் தடித்த கோடு. உடம்பில் நான் கொடுத்த நீலச் சட்டை. நீதிபதி "ஏதாவது புகார் உண்டா?" என்று கேட்டார். அவன் பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினான். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது, ரிமாண்ட். காகிதத்தில் அவனை அன்று காலை ஒரு தெருவில் வைத்துக் கைது செய்ததாக இருந்தது. அதற்கு முந்தைய ஐந்து நாளும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அன்றுதான் அந்த வக்கீல் அம்மாவைச் சந்தித்தேன். வேறு வழக்குக்காக வந்திருந்தவர், தம்பி நடந்ததைப் பார்த்துவிட்டு அவராகவே என்னிடம் வந்தார். என்னை அழ விட்டார், அழுது முடித்ததும் ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். "முதல் போன் வந்ததிலிருந்து எழுதும்மா. யாரு, எங்க, எத்தன மணி, என்ன வார்த்தை சொன்னாங்க. தெரியலைன்னா தெரியலைன்னே எழுது, கணக்குப் போட்டு எழுதாத." எழுதிக்கொண்டு வரும்போதுதான் மூன்றாம் நாள் சட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் கை நின்றது. "மெசேஜ் இருக்கா?" என்று கேட்டார். ஆறாம் நாள் காலையில் தெருவில் பிடித்த ஆளின் உடம்பில், மூன்றாம் நாள் 11:17-க்கு ஸ்டேஷனில் வாங்கிக்கொண்ட சட்டை எப்படி வந்தது? எங்கள் மனுவின் நடுத்தூண் இன்றைக்கும் அந்த ஒரு கேள்விதான்.

பிடித்ததையே ஒத்துக்கொள்ளாமல் ஆளை வைத்திருப்பதற்கு வலிந்து காணாமலாக்குதல் என்று பெயர், அது சில நாளாக இருந்தாலும் அதுதான் என்று அவர் சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. வருடக்கணக்கில் போனவர்களுக்கு மட்டும் உரிய சொல் என்று நினைத்திருந்தேன். 2006-இல் ஏற்கப்பட்டு 2010-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. உடன்படிக்கையில், இப்படிப் போனவரோடு சேர்த்து அதனால் நேரடியாகத் துன்பப்பட்ட மற்றவர்களையும் பாதிக்கப்பட்டவர்கள் என்றே வைத்திருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் நானும் அதில் வருகிறோம். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கும் உண்டு. ஆளைக் காணோம் என்ற நிலையிலேயே நாங்கள் போயிருந்தால் ஆட்கொணர்வு மனு போட்டிருக்கலாம், மூன்றாம் நாளே கொண்டுவந்திருப்பார்கள் என்றார். அதைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை.

உடம்பில் இருந்த அடையாளங்களை நாங்கள் இழந்ததும் இப்படித்தான். நீதிமன்றம் வெளி மருத்துவரிடம் பரிசோதிக்க உத்தரவிட்டு, சிறை அதை நடத்தியபோது பதினோராம் நாள் ஆகிவிட்டது. உள்ளங்கால் வீக்கம் வற்றியிருந்தது. தொடையில் இருந்த கன்றல் மங்கிவிட்டது. முதலில் பார்த்த சிறை மருத்துவர் "காயம் எதுவும் இல்லை" என்று எழுதியிருந்தார். ஆனால் வெளியிலிருந்து வந்த மருத்துவர் ஓர் ஊசி முனையால் அவன் கையைத் தொட்டுக்கொண்டே வந்தார். கட்டைவிரலின் பின்புறத்திலிருந்து மணிக்கட்டு வரை, ஒரு பெரிய நாணயம் அளவு இடத்தில், அவனுக்குத் தொட்டதே தெரியவில்லை. விலங்கை அளவுக்கு மீறி இறுக்கிப் பல மணி நேரம் வைத்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி இப்படி மரத்துப்போகுமாம். அதை நரம்புப் பரிசோதனையில் பதிய முடிந்தது. கன்றல் மறைந்தாலும் இது மறையவில்லை. சித்திரவதையை எப்படி ஆவணப்படுத்துவது என்று 1999-இல் நிபுணர்கள் ஐ.நா.விடம் அளித்து, 2022-இல் ஐ.நா. திருத்தி வெளியிட்ட இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது. அதன்படி பரிசோதிக்கச் சொல்லி மனுவிலேயே கேளுங்கள். ஆளை நேரில் பார்க்கும் முதல் சந்தர்ப்பத்தில் காயத்தைப் படம் எடுக்க முடிந்தால் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடியும் எடுங்கள், சில கன்றல் தாமதமாகத்தான் மேலே தெரியும். போட்டிருந்த துணியைத் துவைக்காதீர்கள். காகிதப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் கட்டிக் கெட்டுவிடும்.

நான் செய்த இன்னொரு தவறும் இருக்கிறது. ஏழாம் நாள், ஆறு நாள் அடக்கி வைத்த கோபம் எல்லாம் சேர்ந்து, கூட்டாளி அனுப்பிய வீடியோவை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டேன். தம்பியை வண்டியில் ஏற்றுவது அதில் தெளிவாக இருந்தது. பின்னால் நின்ற மற்றப் பிள்ளைகளின் முகமும் தெளிவாக இருந்தது. மூன்று நாளில் அதில் இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவளைப் பிடிக்கவில்லை, மிரட்டிவிட்டு வந்தார்கள். ஆனாலும் அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வெளியே சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். மற்றவர்களின் முகத்தை மறைத்துவிட்டுச் சொல்லுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் வக்கீலிடமும் வேறு ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். பிடிபட்டவரின் போன் அவர்கள் கையில் இருந்தால் அதில் இருக்கும் எல்லாருக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள்.

வக்கீல் அம்மா ஐ.நா.வின் தன்னிச்சையான தடுப்புக்காவல் குறித்த பணிக்குழுவுக்கும் எழுதினார். 1991-இலிருந்து இருக்கிற அமைப்பு. கட்டணம் கிடையாது, குடும்பமே நேராக எழுதலாம், உள்நாட்டு நீதிமன்றம் எல்லாம் முடிந்த பிறகுதான் வர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. காணாமல் போன நிலையில் இருந்தால் 1980-இல் தொடங்கிய இன்னொரு பணிக்குழு இருக்கிறது. அவசரம் என்றால் அரசுக்கு உடனே கடிதம் போகும், இல்லாவிட்டால் மெதுவாகத்தான் நகரும். இதனால் விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்து எழுதாதீர்கள். ஆனால் அந்தக் கடிதம் போன பிறகு வீட்டுக்கு ராத்திரியில் யாரும் வரவில்லை. காரணம் அதுதானா என்று என்னால் நிரூபிக்க முடியாது, நான் அப்படித்தான் நம்புகிறேன்.

நாற்பத்தேழாம் நாள் ஜாமீன் கிடைத்தது. கணக்குப் பார்த்தால், வக்கீல் அம்மா பாதிக்கும் கீழே வாங்கியும், அந்தத் தரகர், போக்குவரத்து, பரிசோதனை, ஜாமீன் தொகை, என் சம்பளமில்லாத விடுப்பு எல்லாம் சேர்ந்து எட்டு மாதச் சம்பளம் போயிருக்கிறது. தம்பிக்கு ஒரு வருடப் படிப்பு போனது. வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார், நேராகக் காரணம் சொல்லவில்லை. அப்பா இப்போதும் இரவு ஒரு மணிக்கு எழுந்து கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அம்மா மட்டும்தான் மாறிப்போனார், வேறு விதமாக. அர்ஜென்டினாவில் 1977-இல் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள், கூடி நிற்கக் கூடாது என்று போலீஸ் விரட்டியதால், சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள் என்று வக்கீல் அம்மா ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா ஒரு வாய்தாவைக்கூட விட்டதில்லை. நீதிமன்ற வராந்தாவில் உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டேதான் இருப்பார்.

அந்த ஆறு நாளில் தம்பியிடம் ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் எழுதி வாங்கியிருந்தார்கள். அதில் ஏன் கையெழுத்துப் போட்டான் என்று நாங்கள் கேட்கவில்லை. சித்திரவதையால் வாங்கியது செல்லாது என்று 1984-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது, வாதம் அங்கே நடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வெளியே வந்து ஐந்து மாதம் கழித்து ஒருநாள் அவனாகவே சொன்னான். மூன்றாம் நாள் காலையில் அவன் என் குரலைக் கேட்டிருக்கிறான். இன்ஹேலருக்காக நான் கத்தியது பின்னறை வரை கேட்டிருக்கிறது. அப்போது பக்கத்தில் இருந்தவர், "உன் அக்காவையும் கொண்டு வந்தாச்சு, பக்கத்து ரூம்லதான் இருக்கா" என்று சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் சட்டையும் இன்ஹேலரும் கைக்கு வந்தது. நான் வெளியிலிருந்து கொடுத்தனுப்பினேன் என்று அவனுக்குத் தோன்றவில்லை. என்னிடமிருந்து பிடுங்கியது என்று நினைத்தான். மூன்று நாள் அடிக்கு மசியாதவன் அதற்குப் பிறகு அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான். நான் போகாமலே இருந்திருக்க வேண்டுமோ என்று வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். "இன்ஹேலர் இல்லாம அவன் இருந்திருப்பானா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டார். அந்த மிரட்டலையும் ஒரு வார்த்தை விடாமல் வாக்குமூலமாக எழுதி வாங்கிக்கொண்டார். குடும்பத்தைக் காட்டி மிரட்டுவதும் சித்திரவதைதான், தழும்பு இல்லையென்று அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள் என்றார்.

சட்டை என் அலமாரியில் காகிதப் பையில் இருக்கிறது. மேலே தேதியும், அவன் கையெழுத்தும், என் கையெழுத்தும். காலரில் வேர்வைக் கறை அப்படியே காய்ந்து மஞ்சளாகிவிட்டது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அம்மா அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதைத் துவைத்து வைத்துவிடட்டுமா என்று கேட்பார். அடுத்த வாய்தாவுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. இருக்கட்டும் அம்மா என்று சொல்லி மூடிவிடுகிறேன்.